பாடகர் பாடாமல் நீல் தீவுக்குப் போன நாள்

ஹேவ்லாக் தீவில் ஒரு விளம்பரப் படத்துக்கு இடம் பார்த்துவிட்டுத் தனியார் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏசி ஹால், முன்னால் பெரிய டிவி. கடல் அன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. பாதிப் பேர் வாந்திப் பையைக் கையில் பிடித்திருந்தார்கள். சத்தமாவது குறையட்டும் என்று ஊழியர் டிவியின் ஒலியை நிறுத்திவிட்டுப் போனார். திரையில் அந்தப் பாடகரின் மேடை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் ஃபோனிலும் அவருடைய பாட்டு இருக்கும். என் ஃபோனில் ரிங்டோனாகவே இருந்தது.

சத்தம் இல்லாமல் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மைக்கை இறக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறார். யாரோ தன்னிடம் மட்டும் ஏதோ சொல்லப்போகிறார்கள், அதைத் தவறவிடக் கூடாது என்று காத்திருக்கிற முகம். தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். எங்கள் ஊர் எழுத்தாளரின் புத்தகங்களில் பின்னட்டைப் படத்தில் இருக்கிற அதே சாய்வு.

கப்பல் போர்ட் பிளேர் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, வருவதற்குள் அந்த எழுத்தாளராக இந்தப் பாடகர் நடிக்கிற ஒரு படத்துக்கான யோசனையை ஃபோனில் ஒரு பக்கம் தட்டி முடித்திருந்தேன்.

நஸ்ரின், சுப்பு, நீங்கள் இரண்டு பேரும் இந்த மாதம்தான் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். நான் இந்த மாதத்தோடு இந்த மேசையை விட்டு எழுந்து போகிறேன். முப்பத்திரண்டு வயதில் 'என் அனுபவத்தில்' என்று ஒருத்தி ஆரம்பித்தால் சிரிப்பு வரும்தான், சிரித்துக்கொள்ளுங்கள். மெயின்லேண்டில் இருந்து வருகிற சினிமா யூனிட்டுக்கு எந்த பர்மிட் எங்கே வாங்குவது, ட்ரோனுக்கு யாரைப் பார்ப்பது, மழையில் எந்த ஜெட்டி வழுக்கும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எடுக்கப்படாமலே போன ஒரு படத்தைப் பற்றியது. இந்த வேலையில் நான் அதிகம் பெருமைப்படுவதும் அதைப் பற்றித்தான்.

எழுத்தாளரை உங்களுக்குத் தெரியும். மெயின்லேண்டில் அவர் பாடப்புத்தகத்தில் இருக்கிறவர். இங்கே அவர் துறைமுக ஸ்டோரில் கிளார்க்காக இருந்தவர். ராமநாதபுரம் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர், சாமான் கணக்குப் பார்க்கத் தீவு தீவாக அரசுப் படகில் போய் வந்தார், படகில் காதில் விழுந்ததை எல்லாம் எழுதினார். ஷாதிபூரில் எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்களுக்குள் இன்றைக்கும் தகராறு. அவருடைய நாவலில் வருகிற ஒரு ஆள் தங்கள் சித்தப்பாதான் என்று இரண்டு வீட்டாரும் சொல்வார்கள். அந்த ஆள் நாவலில் திருடன். அப்படியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

என் ஒரு பக்கத்தைச் சென்னையில் ஒரு படக் கம்பெனியின் மேனேஜருக்கு அனுப்பினேன். அவருடைய விளம்பரப் படங்களுக்கு நாங்கள் இங்கே வேலை பார்த்திருந்தோம். அன்று மாலையே கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், பாடகரை எழுத்தாளரா? தூள். போஸ்டர் எனக்குக் கண்ணு முன்னாடி தெரியுது."

பாடகரும் உடனே ஒத்துக்கொண்டார். படம் நடந்தால் நான் இணை இயக்குநர் என்று வாக்குக் கொடுத்தார்கள். விஸ்காம் படித்துவிட்டு, மற்றவர்கள் படத்துக்கு வேன் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மரைன் ஹில் ஆபீசில் இருந்து வீடு வரை நடந்தே போனேன். உட்கார முடியவில்லை.

ஒரே ஒரு சம்மதம் பாக்கி. எழுத்தாளரின் மகள் கலா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்துபஸ்தியில் தனியாக இருக்கிறார். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்பாவின் கதைகளைப் படமெடுக்கக் கேட்டு வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர். நான் போய்ச் சொன்னதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஆடிக்கிட்டே பாடுவானே, அந்தப் பையனா? எங்கப்பாவா?"

"ஆமா சிஸ்டர்."

"நான் பாக்கணும் அவனை. மேடையில இல்ல. எங்கப்பா எங்க உக்காந்திருந்தாரோ அங்க உக்காந்து காட்டச் சொல்லு. அப்புறம் பேசலாம்."

அவர் சொன்ன இடம் நீல் தீவுக்குப் போகும் அரசுப் படகு.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு தனிப் படகை வாடகைக்கு எடுப்போம், ஆட்களைச் சம்பளத்துக்கு நிரப்புவோம் என்றார். "பப்ளிக்குல விட்டா சட்டையைக் கிழிச்சிருவாங்க மேடம்." நான் முடியாது என்றேன். சம்பளத்துக்கு வந்த கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் கேமராவைப் பார்க்காமல் இருப்பதிலேயே குறியாக இருப்பார்கள். சிஸ்டருக்கும் அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கையில் பிடிக்கிற ஒரு சின்ன கேமராவுக்கு மட்டும் அனுமதி வாங்கினேன்.

காலையில் ஜெட்டிக்கு வந்து இறங்கினார் பாடகர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, மெல்லிய மீசை, தோளில் ஒரு ரெக்சின் பை. நன்றாகத்தான் இருந்தது வேஷம். படகில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, ஒரு காலேஜ் பெண் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். படகு முழுவதும் அவர் உட்கார்ந்த பக்கத்துக்குச் சரிந்தது. முழுவதும் என்றால், ஆட்கள் மட்டும் இல்லை, படகே சரிந்தது. பத்துப் பதினைந்து ஃபோன்கள் தலைக்கு மேலே. மேலே இருந்து படகை ஓட்டும் மாஸ்டரின் குரல் ஒலிபெருக்கியில்: "ஏக் சைட் மத் கடே ரஹோ! பைட் ஜாவ் சப்!" ஒரே பக்கம் நிற்காதீர்கள், எல்லாரும் உட்காருங்கள் என்று. யார் கேட்பது?

நான் மாடிப்படி ஏறி மாஸ்டரிடம் ஓடினேன். அவர் கேரளக்காரர், பல வருஷமாக இந்தத் தடத்தில் ஓட்டுகிறவர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹீரோவை இறக்குங்க. இல்லேன்னா கயிறு அவிழாது. பேஷண்ட் இருக்கு போட்ல, மார்க்கெட் சாமான் இருக்கு. உங்க சினிமாவுக்கு நிக்குமா?"

பின்னாலேயே மேனேஜர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "ஒரே ஒரு பாட்டு பாடச் சொல்றேன் மேடம். ரெண்டு நிமிஷம். கேட்டுட்டு எல்லாரும் உக்காந்துருவாங்க."

அது வேலை செய்திருக்கும். அதுதான் சிக்கல். கீழே பின்வரிசை பெஞ்சில் சிஸ்டர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மேலிருந்தே தெரிந்தது. பாடகர் பாட ஆரம்பித்தால் சிஸ்டர் எழுந்து இறங்கிப் போய்விடுவார். பாடகரை இறக்கிவிட்டாலும் படம் முடிந்தது. இந்த மாதிரி நேரத்தில் உங்களிடம் இரண்டு வழிதான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த இரண்டையும் சொன்னவர் யார் என்று முதலில் பாருங்கள். இரண்டுமே கூட்டத்தை ஒரு தொந்தரவாகப் பார்த்தவர்கள் சொன்ன வழி. கூட்டத்திடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

"மைக் கொடுங்க, கேப்டன் சாப். ஒரு நிமிஷம்."

முதலில் ஹிந்தியில் சொன்னேன், அப்புறம் தமிழில். எழுதி வைத்துப் பேசவில்லை, அதனால் வந்தபடியே எழுதுகிறேன்.

"இவர் யார்னு எல்லாருக்கும் தெரியும். நான் மறைக்கல. ஆனா இன்னைக்கு அவர் பாட வரல. இந்த போட்ல தினமும் போய்க்கிட்டிருந்த நம்ம எழுத்தாளரா உக்காந்து பாக்க வந்திருக்காரு. நீங்க அவரை ஸ்டாரா பாத்தா அவர் ஸ்டாராத்தான் இருப்பாரு, வேற வழி கிடையாது. நீல் போய்ச் சேர்ற வரைக்கும் அவரை ஒரு கிளார்க்கா நினைச்சுக்கோங்க. இது உங்களால மட்டும்தான் முடியும். இறங்கினதும் எல்லாரும் போட்டோ எடுத்துக்கலாம்."

கீழே இருந்து ஒரு ஆண் குரல்.

"கிளார்க்கா? அப்ப எந்திரிய்யா, அது என் சீட்டு."

படகே சிரித்தது. பாடகர் எழுந்து, "சாரி சார்" என்று சொல்லிவிட்டு நடு வரிசைக்குப் போனார். சீட்டுக்காரர், பார்க்க ஒரு காண்ட்ராக்டர் மாதிரி, துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். "ஆபீஸ் ஆளுங்களுக்கு எங்க போனாலும் ஜன்னல் சீட்டுதான் வேணும்" என்று பக்கத்து ஆளிடம் உரக்கச் சொன்னார். படகு நேரானது. மாஸ்டர் என்னை அப்போதுதான் பார்த்தார். கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நான் எதிர்பார்க்காதது இனிமேல்தான் நடந்தது. ஒலிபெருக்கி கரைக்கும் கேட்டிருக்கிறது. பார்சல் கொடுத்துவிட ஆள் தேடி ஜெட்டியில் நிற்கிறவர்கள் எப்போதும் உண்டு, உங்களுக்கே தெரியும். தீவில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு சாமான் போக வேண்டுமென்றால் படகில் போகிற முகம் தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். கிளார்க் என்றால் தினமும் போகிறவர், நம்பிக் கொடுக்கலாம். கரையில் நின்ற ஒருவர் எட்டி ஜன்னல் வழியாகப் பாடகரிடம் ஒரு டிபன் கேரியரை நீட்டினார்.

"சார், நீல் ஜெட்டியில எங்க மச்சான் வருவாப்ல. சிவப்புச் சட்டை. குடுத்துருங்க. சாய்ச்சுராதீங்க, மீன் குழம்பு."

அடுத்து ஒரு வங்காளி அம்மா பள்ளி யூனிபார்ம் மூட்டையைப் போட்டார். "கிளார்க் பாபு, ஏ பி பகடோ." இதையும் பிடி என்று. கடைசியாக ஒரு பெண், படகு கரையை விட்டு நகர்ந்த பிறகும் ஓடி வந்து, ஒரு மருந்துக் கவரை எறிந்தாள். பாடகர் எழுந்து எட்டி எப்படியோ பிடித்துவிட்டார். "எங்கப்பாவுக்கு. அண்ணன் வந்து வாங்கிக்கும்."

அவர்கள் நடித்தார்களா, நிஜமாகவே பார்சல் அனுப்பினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வழி முழுக்கப் பாடகர் அந்த மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. காண்ட்ராக்டர் தன் மருமகனைப் பற்றி யாரிடமோ குறை சொல்ல, அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சீலிங் ஃபேன் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண்மணி, "கொஞ்சம் காலை நகத்துங்க" என்று பெட்டியை அவர் காலடியில் தள்ளினார். அலையில் படகு ஒருமுறை தூக்கிப் போட்டதில் மீன் குழம்பு கசிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. முகத்தில் அசைவில்லை. கேரியரை நிமிர்த்தி, மூடியை இறுக்கி, கைக்குட்டையைச் சட்டைக்கு வைக்காமல் கேரியருக்கு அடியில் வைத்தார். கேமராமேன் மெதுவாக என்னைப் பார்த்தார். நான் கேமராவை நிறுத்தாதே என்று கண்ணைக் காட்டினேன்.

நீல் ஜெட்டியில் இறங்கியதும் சிவப்புச் சட்டை வந்தார், கேரியர் போனது. யூனிபார்ம் மூட்டையும் போனது. மருந்து வாங்க ஆள் வரவில்லை. வெயில் கொளுத்தியது.

"போட் ஆளுங்ககிட்ட குடுத்துட்டு வாங்க சார், வண்டி வெயிட்டிங்" என்றார் மேனேஜர்.

"மாத்திரை சார் இது. அவங்க அப்பாவுக்குன்னு சொன்னாங்க."

"டெஸ்ட் முடிஞ்சு போச்சு சார்."

"முடிஞ்சுதா?" என்று பாடகர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் ஜெட்டிக் கம்பியில் சாய்ந்து அங்கேயே நின்றார்.

போட்டோ எடுக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? ஒருவரும் எடுக்கவில்லை. மொத்தப் படகும் தள்ளி நிழலில் நின்று அவர் பார்சலைக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தது. கடைசியில் ஸ்கூட்டரில் ஒரு ஆள் வந்தார். டயர் பஞ்சர் ஆகியிருந்ததாம். அவருக்கு எந்தப் பாடகரும் தெரியவில்லை. கவரைப் பிடுங்காத குறையாக வாங்கி, "ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா பய்யா?" என்று கடிந்துகொண்டு போய்விட்டார். பாடகர், "சாரிங்க" என்று அவர் முதுகுக்குச் சொன்னார். அப்புறம்தான் படகுக்காரர்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

சிஸ்டர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எங்கப்பா வீட்டுக்கு வர்றதுக்கு எப்பவும் லேட்டாகும். அம்மா திட்டும். எவனாவது பார்சல் வாங்க வந்திருக்க மாட்டான்." குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி, நடிக்கட்டும். பாடக் கூடாது. அது ஒண்ணுதான்" என்றார்.

பாடகரிடம் சொன்னேன். குழம்புக் கறையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "பாடாம இருக்கிற ஒரு படம் வேணும்னுதான் ரேவதி நான் ஒத்துக்கிட்டதே."

இங்கே முடிந்திருந்தால் இது நல்ல கதை. ஒரு மாதம் கழித்து மேனேஜர் ஒப்பந்தத்தோடு விமானத்தில் வந்தார். பத்துபஸ்திக்குப் போகிற வழியில், காரில் நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"ஆடியோ கம்பெனிக்கு ஆறு பாட்டுன்னு பேசியாச்சு மேடம். இல்லேன்னா பணம் வராது. சிஸ்டர்கிட்ட இப்ப எதுவும் சொல்ல வேண்டாம். கையெழுத்தாகட்டும். எழுத்தாளர் கனவுல பாடுற மாதிரி வெச்சுக்கலாம். கனவுன்னு சொல்லிட்டா யாரு கேள்வி கேக்கப் போறாங்க?"

"பாடகருக்குத் தெரியுமா?"

"டூர்ல இருக்காரு. வந்ததும் சொல்லிக்கலாம். டைட்டில்ல உங்க பேரு தனி கார்டு மேடம், பேசிட்டேன்."

சிஸ்டர் வீட்டில் டீ வந்தது. மேனேஜர் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்து, "பேட்டா, நீ படிச்சுட்டேல்ல?" என்று மகளிடம் கேட்பதுபோல் கேட்டார்.

அந்த நேரத்தில் பக்கத்து ஏர்போர்ட்டுக்கு ஒரு விமானம் இறங்கியது. பத்துபஸ்திக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்கு மேலே விமானம் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார்கள், கையைத் தூக்கிப் பிடித்தபடி. சத்தம் போன பிறகு விட்ட வார்த்தையில் இருந்து தொடர்வார்கள். சிஸ்டரும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான்.

பெரிதாக எதையும் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். தனி கார்டில் என் பெயர் எந்த எழுத்தில் வரும் என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். அப்புறம் சிஸ்டர் கேட்ட கேள்வியை யோசித்தேன். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நான் படித்தேனா என்று கேட்டார்.

சத்தம் ஓய்ந்தது.

"படிச்சேன் சிஸ்டர். ஆறு பாட்டு இருக்கு."

"எதுல?"

"இதுலதான்."

மேனேஜர், "அது ஒரு ஃபார்மாலிட்டி..." என்று ஆரம்பித்தார். சிஸ்டர் பேனாவை மூடினார். கோபமே இல்லாமல், "டீ ஆறிடும். குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

திரும்பும்போது காரில் மேனேஜர் ஒப்பந்தத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார். பிறகு, "உங்க ஐடியா மேடம் இது. நீங்களே கொன்னுட்டீங்களே" என்றார்.

"நீங்க சாயங்காலம் ஃப்ளைட் ஏறிருவீங்க சார். நான் நாளைக்குக் காலையிலயும் இந்த ஊர்த் தெருவுலதான் நடக்கணும்."

நஸ்ரின், சுப்பு, நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதைச் சுருக்கினால் இந்தப் பதில்தான் மிஞ்சும். யூனிட் போய்விடும். அவர்கள் உடைத்த வேலி, அவர்கள் கொடுத்த வாக்கு எல்லாம் இங்கே நம் பெயரில் நிற்கும். யாருக்காக வேலை பார்க்கிறோம் என்பது சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதோடு தீர்ந்துவிடாது. யார் நம் முகத்தைப் பார்த்து நம்பினார்களோ, அவர்களுக்கும்தான் வேலை பார்க்கிறோம்.

விஷயம் தெரிந்ததும் பாடகர் விலகிக்கொண்டார். சினிமாப் பக்கங்களில் கால்ஷீட் பிரச்சினை என்று இரண்டு வரி வந்தது. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு நம்மைக் கூப்பிடவில்லை. பரவாயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த சீசன் ஆபீசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சித்தப்பா தகராறு நடக்கிற எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, "நல்லா வந்திருக்கும்மா, நீதான் கெடுத்தியாமே" என்றார். இன்னொரு வீட்டுக்காரர் அதற்காகவே என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

ஆனால் அன்று படகில் எடுத்தது என்னிடம் இருக்கிறது. அதில் இசை கிடையாது, ஒரு வசனம் கிடையாது. ஊரே நடித்த ஒரு பயணம் அது. அந்த மைக்கைக் கேட்டு வாங்கியது நான். விமானம் போனதும் வாயைத் திறந்ததும் நான். இரண்டையும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதும்போதே நிமிர்ந்து உட்காருகிறேன்; அடக்கமாகச் சொல்ல முடியவில்லை, மன்னிக்க வேண்டாம்.

போன மாதம் சிஸ்டர் கூப்பிட்டார். "அந்த போட் வீடியோவைத் திரும்பப் பாத்தேன். அப்பா வாழ்க்கையை எல்லாம் எடுக்க வேணாம், அது பெரிய ரோதனை. ஒரு கதை தரேன். சின்னது. நீ எடு."

"நானா சிஸ்டர்?"

"வேற யாரு, ஆறு பாட்டுக்காரரா?"

அந்தக் கதையில் எழுத்தாளரே வருகிறார், மழைக்கு ஒதுங்கிய ஒரு கடையில், மற்றவர்கள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு. கடைசி வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். பாடகரிடம் சொன்னதும் தேதி கேட்டார், வேறெதுவும் கேட்கவில்லை. கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. கடல் அடங்கியதும் டிசம்பரில் தொடங்குகிறோம். கடைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. நான் பார்த்த இரண்டும் ரொம்ப அழகாக இருக்கின்றன, அது ஆகாது. அதைத் தேடுவதுதான் உங்கள் இருவருக்கும் முதல் வேலை.

பாடகர் வருகிற அன்று ஏர்போர்ட்டுக்கு யார் போவது என்று இப்போதே நீங்கள் அடித்துக்கொள்வது காதில் விழுகிறது. யாரும் போகப்போவதில்லை. பஸ் பிடித்து வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார். சில்லறை வைத்திருக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.